உப்பில்லாத துரு

கீழக்கரையில், பூட்டிய வீட்டின் காம்பவுண்டுக்குள்
உறை போர்த்தி நின்றது பென்ஸ்.
முதலாளி துபாயில், சாவி தரகர் உதுமான் கனியிடம்.
"வருசத்துக்கு இருபது நாள் ஓட்டுவார், அவ்வளவுதான்மா."

ஐஸ் பிளாண்ட்காரிக்கு எதற்கு பென்ஸ்
என்று மண்டபத்தில் கேட்டார்கள்.
தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர்
நான் எதிலிருந்து இறங்குகிறேன் என்று பார்த்துவிட்டுத்தான்
பாக்கிக்குத் தேதி சொல்கிறார்.
வேனில் போனால் அடுத்த மாதம்.

உறையை விலக்கி பானெட்டில் கை வைத்தேன்.
காலை ஏழு மணிக்கே கதகதப்பு.
"கனி, விடியுமுன்னே இதை எழுப்பினது யாரு?"
சிரித்தார்.
ஆறிய எஞ்சின்தான் உள்ளதைச் சொல்லும்.
சூடேற்றி வைத்தது
வக்கீல் சொல்லிக்கொடுத்த சாட்சி.
கூட வந்த சவரிராயன், விசைப்படகு மெக்கானிக்,
"ஆறட்டும்" என்று டீக்கடைக்குப் போய்விட்டான்.

என் கைப்பையில் ஒரு காந்தம்,
வீட்டு ஃபிரிஜ் கதவிலிருந்து பிய்த்து வந்த
வேளாங்கண்ணி மாதா.
தேர்ப்பவனி போல வண்டியைச் சுற்றிவந்தாள்.
பானெட் அலுமினியம், அங்கே நிற்கமாட்டாள்,
அது சவரி முன்பே சொன்னது.
நான்கு கதவிலும் நின்றாள், கூரையில் நின்றாள்.
பின் இடது சக்கரத்துக்கு மேலே மட்டும்
நழுவி என் உள்ளங்கைக்கு வந்தாள்.
பெயிண்டுக்கு அடியில் விரல் கனத்துக்குப் புட்டி.

மீட்டர் நாற்பத்தோராயிரம் காட்டுகிறது.
பிரேக் ரப்பரில் வரி ஒன்றுகூட மிச்சமில்லை.
வருசத்துக்கு இருபது நாள் மிதித்த கால்
இவ்வளவு கனமா, கனி?
கனி மீன்கொத்தி பார்ப்பவர்போல
மதில்மேல் எங்கோ பார்த்தார்.

உப்பு எனக்குத் தெரியும்.
பிளாண்டின் கதவுக்கீலை வருடா வருடம் மாற்றுகிறவள்.
கடற்காற்று விளிம்பில் தொடங்கும்,
போல்ட்டின் தலையைத் தின்னும்,
வெளியே நின்று மெதுவாக உள்ளே வரும்.
இங்கே வெளியெல்லாம் பளபளப்பு.
சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில்
பொருக்குப் பொருக்காய்த் துரு.

பெல்ட்டை இழுத்தேன்.
யாரும் இழுக்காத அளவுக்கு,
வயிறு பெருத்தவனுக்கும் தேவைப்படாத கடைசி முழம் வரை.
அங்கே ஒரு பழுப்புக் கோடு,
கோட்டுக்குக் கீழே மாவுபோல வண்டல்.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை.

ஆர்.சி.யில் துபாய்க்காரர் மூன்றாவது ஆள்.
முதல் முகவரி சென்னை, ஈக்காட்டுத்தாங்கல்.

தண்ணியில்லாக் காடு என்று
எங்கள் ஊருக்கு மாற்றல் வந்தவர்கள் அழுவார்கள்.
குடத்துக்குக் காசு எண்ணிக் கொடுக்கிற ஊருக்கு
நல்ல தண்ணீரில் மூழ்கிச் செத்த ஒன்று
உறை போர்த்தி வந்திருக்கிறது.

சவரி வந்தான்.
ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து
நுனியால் எஞ்சினைத் தொட்டுக் கேட்டான்.
"இது நல்லாத்தான் பேசுது.
வயரிங் எப்ப வாய் திறக்கும்னு மாதாவுக்குத்தான் தெரியும்."
பின் கண்ணாடி ஒன்று இறங்கியது. ஏறவில்லை.

"ரெண்டு லட்சம் கொறைச்சுக்கலாம்.
முதலாளிக்கே தெரியாதும்மா,
அவரையும் ஏமாத்திட்டானுங்க."
அது உண்மையாகவும் இருக்கலாம்.
"மூணு."

இழுத்த பெல்ட் திரும்பச் சுருளவில்லை.
கதவுக்கு வெளியே தொங்கியது.
கையால் மடித்து உள்ளே தள்ளிச் சாத்தினேன்.

அந்நேரம் தண்ணி லாரி வந்தது, பின்பக்கமாக.
தொட்டியில் ஹோஸைப் போடுமுன்
முதல் வீச்சு சிமெண்ட் தரையெல்லாம் தெறித்தது.
கனி உறையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்,
"தண்ணி படக்கூடாது, தண்ணி படக்கூடாது."

மாதாவைக் கைப்பையில் போட்டு
வேனை எடுத்தேன்.
சவரி கால் நீட்டி உட்கார்ந்தான், கதவு இரண்டு தடவை அடித்துத்தான் மூடியது.
அடுத்த மாதம் என்பார் ஏற்றுமதிக்காரர்.
சொல்லட்டும்.