பதினேழாவது தையல்

குலசேகரத்தில், டயர் கடை மாடியில்,
ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் நான்கு பேர்.
பால்வெட்டுக் கத்திக்கு நான் தைத்த தோலுறை
கை மாறிக் கை மாறிப் போகிறது.

முதலில் மோந்து பார்க்கிறான் சஜின்.
மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவன்,
தையலையும் எண்ணித்தான் பார்ப்பான்.
"பதினேழாவது கோணிப்போச்சே ஓய்."

தெரியும்.
அங்கேதான் கரண்டு போனது.

ஊர் முழுக்க ரப்பர் மரம்.
தோலில் விழுந்த தப்புத் துளையை அழிக்க
ஒரு துண்டு ரப்பர் கிடையாது.

டெல்பின் ஒன்றும் சொல்லவில்லை.
தன் கண்ணாடிக் கூட்டை என் பக்கம் நகர்த்தினாள்.
மூடியைத் தலைகீழாய்த் தைத்திருக்கிறாள்.
மூன்று வருடமாய் அதில்தான்
கண்ணாடி தூங்குகிறது.

"மெழுகு மிச்சம் இருக்கா?"
என்று பேச்சை மாற்றுகிறார் தாசையன்,
தன் பொதியை
இன்னும் அவிழ்க்காமல்.