பாட்டுக்கு முந்தின பேச்சு

கேசட்டின் 'பி' பக்கத்தில்
சென்னையில் இன்னும் நாற்பத்தொரு டிகிரி.
ஜெமினி மேம்பாலத்துக்குக் கீழே
தண்ணீர் லாரி ஒன்று பழுதாகி நிற்கிறது,
வேறு வழியில் போகச் சொல்கிறாள் எஃப்.எம். பெண்.
இருபத்திரண்டு வருஷமாக
யாரும் அதைத் தள்ளிவிடவில்லை.

இங்கே கண்ணேரிமுக்கில்
கம்பளிக்கு மேல் கம்பளி.
மூடுபனி ஜன்னல்வரை வந்து
உள்ளே ஆள் இருப்பது தெரிந்து நிற்கிறது.

அப்போது எனக்குப் பாட்டு மட்டும் போதும்.
சைதாப்பேட்டை விடுதி, மூன்று கட்டில்,
மோடாவின் மேல் டூ-இன்-ஒன்,
பாஸ் பொத்தானில் என் ஆள்காட்டி விரல்.
பேச்சு வந்தால் அமுக்கு, பாட்டு வந்தால் விடு.
அறுபது நிமிஷ நாடா இருபத்தெட்டு ரூபாய்.
அரட்டைக்கு அதில் ஒரு வினாடி கிடையாது.

விரல்தான் எப்போதும் கொஞ்சம் தாமதம்.
கொழுந்தோடு கிள்ளுப்பட்டு வந்த முற்றின இலை மாதிரி
பாட்டின் வாலில் பாதிப் பேச்சு.
பாட்டெல்லாம் இப்போது கைபேசியிலேயே இருக்கிறது.
நான் கேட்பது முற்றின இலைகளை.

"ஹலோ, யாரு பேசறீங்க?"
"வியாசர்பாடிலேர்ந்து தேவநேசன்."
"சொல்லுங்க தேவநேசன், யாருக்கு இந்தப் பாட்டு?"
"எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க.
மலைலேர்ந்து வந்தவங்க. அவங்க பேரு"

டக்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று
குடத்தோடு ஓடியிருப்பேன்.
திரும்பி வந்தால் வெறும் பேச்சு ஓடுகிறது.
ஈரக் கையால் அமுக்கிவிட்டு
அடுத்த குடத்துக்குப் போயிருப்பேன்.
பாட்டு வந்ததும் பொத்தானை விட்டது
பியூலாவாகத்தான் இருக்க வேண்டும்.
பெயர் அவள் காதில் விழுந்திருக்கும்.
பியூலா ஒன்றும் சொன்னதில்லை.

அந்த ஆபீஸில் மலைக்காரர்கள் இரண்டே பேர்.
கணக்குப் பிரிவில் நான்.
தபால் பிரிவில் ஏற்காட்டு வசந்தமல்லி.
அவளுக்கு ஸ்டேப்ளர் கடன் கொடுப்பார் தேவநேசன்.
என்னிடம் ஒருமுறை கேட்டார்,
"இங்க உங்களுக்குக் குளிருதா?"
மே மாதத்தில்.

ரீவைண்ட்.
பேருக்கும் டக்குக்கும் நடுவில்
ஒரு மூச்சு இழுக்கிற சத்தம்.
மாதி என்ற இரண்டெழுத்துக்கு
அவ்வளவு மூச்சு வேண்டுமா?
ஏழெழுத்து வசந்தமல்லிக்குத்தான் அது போதுமா?

அடுப்பங்கரையிலிருந்து ஆல்ராஜ்:
"பேச்சையே போட்டுப் போட்டுக் கேக்கற,
பாட்டை விடேன்."

விடுகிறேன்.
நாலரை நிமிஷம், ஒரு கீறல் இல்லாமல்,
முழுசாக இருக்கிறது பாட்டு.
முடிந்ததும் அவள் மணி சொல்கிறாள், ஒன்பது நாற்பது.
லாரியை இன்னும் அகற்றவில்லை,
கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள்.