உளைவு

ஸ்கார்பரோ, மூன்றாம் மாடி.
கீழே உப்புத் தூவும் வண்டி மூன்றாவது முறை சுற்றுகிறது.
என் கழுத்து அட்டையில் பெரிய எழுத்தில் என் பெயர் இல்லை,
'தமிழ்' என்று இருக்கிறது.

விதி இது: இங்கே என் 'நான்' எனக்குச் சொந்தமில்லை.
டாக்டர் லஃப்ளேர் 'நான்' என்றால் நான் டாக்டர்.
தயாபரன் 'நான்' என்றால் நான் தயாபரன்,
நாற்பத்தாறு வயது, மார்க்கம் ரோட்டில் இறைச்சிக்கடை,
மூன்று மாதமாகப் படியேற மூச்சு வாங்குகிறது எனக்கு.

'உங்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து கொஞ்சம் எடுப்பேன்' என்றேன்.
'என்னது?'
மஜ்ஜை, மன்னார்குடியில் ஏழாம் வகுப்பில்
பரீட்சைக்கு மட்டும் படித்த சொல்.
'மச்சை' என்று மாற்றினேன்.
'மச்சமோ?' என்று முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.
எலும்புக்குள்ளே இருப்பது, என்றேன்.
'ஓ, எலும்பு மூளை!
அதை முதலே சொல்லியிருக்கலாமே அக்கா.'

எலும்பின் மூளை என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.
அவர் பேனாவை நிறுத்தினார்.
ஒரு கணம் மூன்று பேரும்
இடுப்பு யோசிப்பதைப் பற்றி யோசித்தோம்.

மண்ணீரல் வீங்கியிருக்கிறது.
'தெரியும். உங்கட ஆக்கள் கடையில
சுவரொட்டி எண்டு கேப்பினம்.'
இடது விலாவுக்கு அடியில் கை வைத்தார்,
மிகச் சரியாக. ஆட்டிடம் பழகிய கை.

நரம்புதான் என்னைப் படுத்தியது.
'விடியவே நரம்பு கிடைக்கேல்ல, நாலு தரம் குத்தினவை.'
வெயின் என்றேன்.
'அதுக்குப் பிறகு விரலெல்லாம் நரம்பு இழுக்குது.'
நெர்வ் என்றேன்.
வெற்றிலைக்கும் யாழுக்கும்கூட நரம்பு உண்டு, அதை யார் கேட்டார்கள்.
ஒரே வாயில் ஒரே சொல்
என் நாக்கில் கிளை பிரிந்து போனது.

என் நோட்டில் இன்னும் இருக்கின்றன:
சிறுநீரகத்தின் வெளிப்பக்கம் புறணி, உட்பக்கம் அகணி.
எங்கள் தெருவில் புறணி என்றால்
ஆள் இல்லாதபோது பேசுவது.
அதையும் செய்யக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
இதை எழுதுவது புறணிதான்.
பெயரை மாற்றியிருக்கிறேன். கடையை மாற்றவில்லை.

ஒருக்களித்துப் படுத்தார். முகம் என் பக்கம்.
'அழுத்தம் தெரியும்' என்றேன். தெரிந்தது.
டாக்டரின் தோள் ஊசியோடு சேர்ந்து திருகியது.
'இப்போது உறிஞ்சுகிறேன்' என்றேன்,
நானே உறிஞ்சுவதுபோல.

'உளையுது.'

குத்துகிறதா? இல்லை.
எரிகிறதா? இல்லை.
கடுக்கிறதா?
'அதில்லை அக்கா. உளையுது.'

எங்கள் வீட்டில் அந்தச் சொல்
மனதுக்கு மட்டும்தான் மிஞ்சியிருந்தது.
உடம்புக்குள் அது இன்னும் உயிரோடு இருப்பதை
இடுப்பெலும்பில் ஊசி நிற்கும்போதுதான் பார்க்கிறேன்.
சேற்றுக்கும் உளை என்று பெயர்,
கால் வைத்தால் உள்ளே இழுக்கும்.

ஒன்றிலிருந்து பத்துவரை ஓர் எண், என்றார் டாக்டர்.
கேட்டேன்.
தயாபரன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி
கண்ணை மூடிக்கொண்டார்.
'ஆழமான வலி' என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.
அது பொய்யில்லை, பாதி.
பிறகு, யாரும் சொல்லாத ஒன்றை,
'ஏழு' என்றேன்.

பதினான்கு வருடத்தில் முதல்முறை.

கண்ணாடித் துண்டுகளில் சிவப்பைத் தேய்த்துப் பரப்பினாள் ஒரு பெண்.
தலையைத் திருப்பிப் பார்த்தார் அவர்,
வியாபாரியின் பார்வை.
'ஆட்டில இவ்வளவு சிவப்பு வராது' என்றார்.
'டாக்டர் என்ன சொல்லுறார்?'

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
'ஒன்றும் சொல்லவில்லை' என்றேன்.
அது மட்டும்
சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு.