கழிமுகம்

நதிமூலம் பார்க்காதே என்பார்கள்.
பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை:
ஜூன் இருபது, இரவு பதினொன்றே கால்,
இருட்ட மறந்த வானம்,
ஏரிக்கரை மரவீட்டின் படியில் மடிக்கணினி.
யால்மாரி ரஸ்க் ஒரு சமக்குறியைச் சேர்த்தான்.
கூடவே ஒரு வரிக் குறிப்பு:
"சாய்தளம், எல்லை மதிப்பு."
பிறகு கொசுவை அடித்துவிட்டு நீந்தப் போனான்.

ஹெல்சிங்கியிலிருந்து வந்த கடிதம்
கழிமுகத்தைக் கேட்கிறது.
தைமி ஹெல்ஸ்டன், விபத்து விசாரணை அலுவலர்:
இத்திருத்தம் முதன்முதலில் இடம்பெற்ற வெளியீடு எது?
எண் மட்டும் போதும்.

எண் மட்டும்.
அக்டோபர் ஒன்பது, காலை ஆறு நாற்பது.
தீவுக்குப் போகும் மஞ்சள் ஃபெர்ரி.
சரியாக எல்லையிலேயே வந்து நின்ற ஓர் அளவை
நிரல் கண்டுகொள்ளவில்லை;
சாய்தளம் நின்றுவிட்டது என்றது திரை.
இன்னும் இறங்கிக்கொண்டிருந்த இரும்புக்குக் கீழே
பொர்யே எமானின் இடது பாதம்.

யால்மாரியைத் தொலைபேசியில் கேட்டேன்.
தண்ணீர் குளிர்ந்திருந்தது நினைவிருக்கிறது என்றான்.
சமக்குறி நினைவில்லை.

நாற்பது எழுத்து நீளமான அதன் பெயரைத் தந்து
யாரெல்லாம் இதைச் சுமக்கிறீர்கள் என்று
களஞ்சியத்தைக் கேட்டேன்.
கிளை என்றால் சுற்றம் என்றும் பொருளுண்டு;
யால்மாரியின் கிளையோ
செப்டம்பர் முடியும்வரை எந்தச் சுற்றத்தோடும் சேரவில்லை.
விடுமுறை, ஒரு பிரசவம், மூன்று பட்ஜெட் கூட்டங்கள்.
பதில் வந்தது: 5.2.
வெளியான நாள் அக்டோபர் முப்பது.

விபத்துக்குப் பின்.
காபி ஊற்றிக்கொண்டேன்.
தாமதம் யாருடைய கையெழுத்தும் இல்லாத குற்றம்;
நிறுவனம் முழுக்கப் பங்கிட்டுக்கொள்ளலாம்,
ஆளுக்கு ஒரு சிட்டிகை.
5.2 என்று தட்டிவிட்டு, அனுப்பாமல்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
துர்க்கு துறைமுகத்தில் பனியும் மழையும் கலந்து
எதுவாக விழுவதென்று முடிவெடுக்காமல் விழுந்தன.

பெயரைத் தேடினால் பெயர்தான் கிடைக்கும்.
அதே திருத்தத்தைக் கையால் எடுத்து
வேறொரு கிளையில் ஒட்டு வைத்தால்
நாற்பது எழுத்தும் மாறிவிடும்.
பெயரை விட்டேன். சமக்குறியையே தேடினேன்,
ஒவ்வொரு வெளியீடாகத் திறந்து,
முந்நூற்றுப் பதினேழாம் வரிக்குப் போய்.
5.1.1, இல்லை.
5.1.2, இல்லை.
5.1.3, இல்லை. பொர்யேயின் படகில் ஓடியது இதுதான்.
5.1.4

இருந்தது.
யாரோ பொறுப்பாக எடுத்து நட்டிருக்கிறார்கள்.
அக்டோபர் இரண்டு.
ஒரு வாரம் முன்னால்.

அந்த ஒரு வாரமும் அது
படகு நிறுவனத்தின் அஞ்சல் பெட்டியில் கிடந்தது,
அவசரமில்லாதவற்றோடு.
ஏன் அவசரமில்லை?
வெளியீட்டுக் குறிப்பைத் திறந்தேன்.
திரையில் ஸ்வீடிஷ் மொழி. பெரிய எழுத்துரு.
இரவு நேரத்துக்கு மங்கல் நிறம்.
கடைசி வரி:
"மற்றும் சில சிறு திருத்தங்கள்."

"மற்றும் சில" என் நடை.
பத்தொன்பது வெளியீடுகளை அப்படித்தான் முடித்திருக்கிறேன்.

5.2ஐ அழித்தேன்.
தைமிக்கு 5.1.4 என்று எழுதினேன்.
அவர் கேட்டது அவ்வளவுதான்.
அதற்குக் கீழே, கேட்காத அந்தக் கடைசி வரியை
மேற்கோள் குறிக்குள் ஒட்டி,
எழுதியவர் என்று போட்டு
இர்மெலி சாவோலா என்று நிரப்பினேன்,
முழுப்பெயராக,
தேடினால் கிடைக்கும்படி.