ஐந்து மில்லி நொடி

சனிக்கிழமை தவளக்குப்பம் மைதானத்தில்
சுட்டுக்கொண்ட பதினேழு பெயிண்ட்பால் துப்பாக்கிகளில் நாலு
ஞாயிறு காலை என் மேசைக்கு வந்துவிட்டன,
மூக்கில் மஞ்சள் சாயம் காய்ந்து.

உப்புக் காற்று சாலினாய்டைத் தின்றிருக்கிறது.
போர்டில் பச்சை பூத்திருக்கிறது.
ஓடாத பிரிண்டர் ஒன்றின் காகிதக் கண்ணைப் பிடுங்கி
குண்டு இறங்கிற்றா என்று பார்க்க வைத்தேன்.
மூன்றுக்குப் பார்வை வந்தது.

நாலாவது,
ஒருமுறை அழுத்தினால் மூன்றுமுறை சுடுகிறது.
விசைக்குள் தகடு துள்ளுகிறது, அவ்வளவுதான்.
விரல் சொன்னது ஒன்று
சிப் கேட்டது மூன்று.
ஒரு வரி எழுதி ஏற்றினேன்:
முதல் தொடுதலுக்குப் பின் ஐந்து மில்லி நொடி
எதையும் நம்பாதே.

மொட்டைமாடிச் சுவரில் ஒரே ஒரு ஆரஞ்சுப் பொட்டு.
வீட்டுக்காரர் ஏறி வருமுன் துடைத்தேன்.
முத்தியால்பேட்டை வெயிலுக்கு அதற்குள் பாதி ஒட்டிவிட்டது.

மாலை வந்தான் மைதானத்து அருளப்பன்.
"ஏன் ஜெசிந்தா, அந்த மூணு எங்க?
சென்னைப் பசங்க அந்தத் துப்பாக்கிக்குத்தானே
அடிச்சுக்கிறானுங்க!"

வரியை அழிக்க நேரமாகவில்லை.
பழுதைத் திரும்ப வைத்ததற்கு
என்ன கூலி எழுதுவது?
பில் புத்தகத்தில் அந்த இடம்
இன்னும் காலி.