அங்க அடையாளங்கள்

மாவட்ட அளவில் இரண்டாம் பரிசுக்கு ஐந்து மதிப்பெண்.
மண்டல அளவில் கலந்துகொண்டாலே மூன்று.
வெளிநாட்டு கிளப்புக்கு
அட்டவணையில் வரியே இல்லை என்றார்
பாளையங்கோட்டை அலுவலகத்து நாலாம் மேசை ஆசீர்வாதம்.
மோசமான ஆளில்லை.
மேசை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"ஒமக்குக் குடுக்கணும்னுதான் எனக்கும் ஆசை, வே.
எந்தக் கட்டத்துல எழுதட்டும், சொல்லும்."

ஒரு நெகிழிப் பையில் கொண்டுபோயிருந்தேன்:
உலான்பாத்தரில் ஒரு பருவத்துக்கான ஒப்பந்தம்,
அடியில் தமிழில் என் கையெழுத்து.
குத்தாய்சி செய்தித்தாளில் வெட்டிய துண்டு.
கொடிக்காய் கொடிக்காயாய்ச் சுருண்ட எழுத்து,
நடுவே 17 மட்டும் புரியும்.
நான் பிடித்த ரீபவுண்ட் பதினேழா,
பெஞ்சில் இருந்த நிமிடம் பதினேழா,
அன்றைக்கே யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

பேச்சிமுத்து சட்டை முதுகில் கொள்ளாது என்று
பாதியில் வெட்டினார்கள்.
மைனஸ் முப்பதில், கோட்டைக் கழற்றாமல்
உட்கார்ந்திருந்த ஈராயிரம் பேர்
பேச்சி, பேச்சி என்று காலால் தரையை இடித்தார்கள்.
எங்கள் ஊர்க் கொடையில்
சாமி வரவழைக்கத்தான் அப்படிக் கூப்பிடுவது.
எனக்குக் கை நடுங்கிவிட்டது.
இரண்டு ஃப்ரீ த்ரோவும் வளையத்தைக்கூடத் தொடவில்லை.
கோச் என்னமோ சொன்னார்.
நல்லதாக இருக்காது.

மனாமாவில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை.
மூன்று மாதமும் வீட்டுக்குப் பணம் போனது,
அது சிவனணைந்தபெருமாள் கொடுத்தது.
திசையன்விளைக்காரன், ஏசி குழாய் மாட்டுகிறவன்,
போஸ்டரில் பேரைப் பார்த்துவிட்டு
வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருவான்.
காலி நாற்காலிகளுக்கு நடுவே எழுந்து நின்று
"ஏலே பேச்சி, சும்மா நிக்காத, உள்ள போடுலே!"
அந்த ஐந்து வருடத்தில்
மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எனக்குப் புரிந்த
ஒரே தந்திரோபாயம்.
இன்னும் பதினைந்து தினார் பாக்கி.
நம்பரை மாற்றிவிட்டான்.

மூட்டு போனது ஆட்டத்தில் இல்லை.
குத்தாய்சியில் பயிற்சி முடிந்து
பந்துகளை வலைப்பைக்குள் அள்ளக் குனிந்தேன்,
அவ்வளவுதான்.
நர்ஸ் என் தொடையிலேயே பேனாவால் படம் போட்டுக் காட்டினாள்,
எங்கே கிழிந்தது, எங்கே தைப்பார்கள் என்று.
கீழே ஒரு பூவும் போட்டாள். எதற்கென்று தெரியாது.

"இது என்ன?" என்றார் ஆசீர்வாதம்.
பை அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது,
லேமினேஷனுக்குள் பூசணம் பிடித்த சான்றிதழ்.
திருநெல்வேலி மாவட்டம், இரண்டாம் பரிசு, இரண்டாயிரத்து ஆறு.
அந்த இறுதி ஆட்டத்தில் நான் ஆடியது பதினொரு நிமிடம்,
ஐந்தாவது ஃபவுலில் வெளியே வந்து
தண்ணீர் கேனை எட்டி உதைத்தேன்.
"இது இருக்கும்போது ஏன் வே அதையெல்லாம் காட்டுதீரு?"
சந்தோஷமாக முத்திரை குத்தினார்.
ஐந்து.

உயரம் எழுதவேண்டும்.
சுவரில் வரைந்த அளவு நூற்றுத் தொண்ணூறோடு முடிந்தது.
நாற்காலியில் ஏறி, ஸ்கேல் வைத்து,
மேலே ஆறு சென்டிமீட்டருக்கு
பென்சிலால் சுவரை நீட்டினார்.

அங்க அடையாளங்கள்?
வலது மோதிர விரல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும்,
உலான்பாத்தர் வளையத்தில் மாட்டியது.
இடது முழங்காலில் தழும்பு.
இடது புருவத்தில் வெட்டு, யாருடைய முழங்கையோ, மனாமாவில்.
ஊர் பேர் எதையும் அவர் எழுதவில்லை.
"ரெண்டுக்குத்தான் எடம் இருக்கு.
எத விடட்டும்?"

விரலைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.
வெளியே ஐந்தாம் நம்பர் பஸ் ஹாரன் அடித்தது.
புருவத்தை விட்டுவிடுங்கள் என்றேன்.