கழித்த வெயில்

பெயரில் மலையை வைத்துக்கொண்டு
கடல்மட்டத்தில் கிடக்கிற ஊர் எங்களுடையது.
சீனன்குடாவில், தகரக் கொட்டகைக்கு வெளியே,
உருக்குத் தகட்டை உருட்டிக் குழாயாக்குகிறோம்.
தண்ணீர் அதற்குள் விழப்போவது
நான் பார்த்திராத ஒரு மலையில்.

நாற்பத்தொரு துண்டு. ஒவ்வொன்றும் ஆறு மீற்றர்.
சபூர்தீன் நானா ஒட்டுவார்.
ஒட்டின்மேல் கிறீஸ் தடவி
மீயொலிக் கருவியை நான் நகர்த்துவேன்.
திரையில் ஒரு முள் எழும்பினால்
மஞ்சள் சோக்கால் வட்டம்.
"தங்கச்சி வட்டம் போட்டா
எனக்கு ராவைக்கு நித்திரை இல்ல" என்பார்,
அரைத்தெடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவார்.

பதினேழுக்குள் ஒரு நாய் குட்டி போட்டது.
பதினேழை நான்கு நாள் பிந்தித்தான் லொறியில் ஏற்றினோம்.
பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில்,
"மழை" என்று எழுதினேன்.
ஆடியில் திருகோணமலையில் ஏது மழை?
யாரும் கேட்கவில்லை.

தையில் மலையிலிருந்து நிஸ்ஸங்க பேசினார்.
உச்சியிலிருந்து ஒரு குழு, அடியிலிருந்து ஒரு குழு,
பூட்டிக்கொண்டே வந்தவர்கள்
நடுவில் சந்திக்கவில்லையாம்.
நாலு விரற்கிடை.
"மிஸ், இங்கே பதினோரு பாகை" என்றார்,
பிழை சொல்லாமல், காலநிலை சொல்வதுபோல.

பதிவேட்டைப் புரட்டினேன்.
எல்லா அளவும் நடுப்பகல்,
குழாயில் கைவைத்தால் தோல் ஒட்டும் நேரம்.
பழைய உருக்கு நாடாவென்றால்
வெயிலில் தானும் நீண்டு
என்னைக் காப்பாற்றியிருக்கும்.
புது லேசர்.
ஒளிக்கு எங்கள் வெயில் உறைக்காது.
துண்டுக்கு இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லை,
நாற்பத்தொரு தரம்.

விடிய நாலரைக்கு,
கூரையில் பனி சொட்டச் சொட்ட,
ஒரு வளையம் வெட்டினோம்.
முக்கால் மீற்றர் விட்டம், இருபது கிலோ.
லொறி வாடகைக்குக் காசில்லை என்றது கந்தோர்.
சபூர்தீன் நானா அதைச் சாக்கில் சுற்றி
கண்டி பஸ்ஸில் ஏறி
யன்னல் பக்கம் இருத்தினார்.
கொண்டக்டர் தட்டிப் பார்த்துவிட்டு
அரை ரிக்கற் கிழித்தாராம்.

மூன்றாம் நாள் போன்.
"போய்க் குந்திட்டுது, தங்கச்சி.
பல்லுக் கிடுகிடுக்குது, கைலேஞ்சியால காதக் கட்டியிரிக்கன்."
வட்டம் போட அங்கே ஆளில்லாததால்
தன் ஒட்டுக்குத் தானே இரண்டு வட்டம் போட்டு
அரைத்து மறுபடி ஒட்டினாராம்.
இன்னும் தண்ணீர் விடவில்லை.
வெறுங்குழாய்க்குள் காற்று இறங்கும்போது
உப்பாற்றுப் பாலத்தடியில் நிற்கிற மாதிரியாம்.
கேட்கச் சொல்லிப் போனைப் பிடித்தார்.
எனக்கு இரைச்சல்தான் கேட்டது.

அரை ரிக்கற்றைப் பதிவேட்டில் ஒட்டினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
இந்த முறை "வெயில்" என்று எழுதினேன்.
மாசக் கடைசியில் கந்தோரிலிருந்து திரும்பி வந்தது,
பக்கத்தில் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறியோடு.